புணரியலும் கணினிமொழியும்

எமது கல்லூரியில் நன்னூல் பயின்ற பழைய மாணவர் எவரும் புணரியலை மறந்திரார். பரீட்சை முடிந்ததும் அப்பாடத்தின் பயனும் முடிந்துவிடும் என்பர் சிலர். அஃது அவ்வாறன்று என்பதற்கு எமது அனுபவத்திலிருந்து சான்றொன்று கூறுவோம்.

அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் மக்கார்தி 1958 ஆம் ஆண்டில் லிஸ்ப் என்னும் கணினிமொழியை வகுக்கத் தொடங்கினார். 1963 இல் திமோதி ஹார்ட் என்பார் அம்மொழிக்கு மக்ரோ என்னும் உறுப்பைச் சேர்க்க முன்மொழிந்தார். சார்பொன்றுக்குக் கொடுக்கப்படும் கோவை முதலிற் கணிக்கப்படும். அதன் பெறுமானமே சார்பைச் சேரும். மக்ரோவோ கோவையை எழுதியவாறே பெற்று, வேறொரு கோவையாக மாற்றித் தரும். கணிப்பு அதன் பின்னரே நிகழும்.

எம்மிடம் இம்மொழி பயின்ற மாணவர் ஒருவர், திருநெல்வேலிச் சந்தையின் வெங்காய விலைகளைத் தொகுக்கச் செய்நிரலொன்று எழுதினார். பதிவுகளுட் சில எண்கள். சில "வரவில்லை" என்பன போன்ற சொற்கள். எண்ணாயிற் கூட்டவும், சொல்லாயின் விலக்கவும் மக்ரோவொன்றை அமைக்க முயன்றார். "ஐயா, கோவையின் வகையை மக்ரோவுக்குள்ளேயே அறிய வழியில்லையா?" என வினவினார்.

கோவை 120 என எழுதப்பட்டிருப்பின் அஃது எண் என மக்ரோ அறியும். மேற்கோட்குறிக்குள் இருப்பிற் சொல் என அறியும். விலை என்னும் மாறியின் பெயர் மாத்திரம் இருப்பின், அது பெயர் என்பதற்கு மேல் ஒன்றும் அறியாது. அவ்வேளையில் அம்மாறிக்குப் பெறுமானமே பிறந்திலது. மக்ரோவுக்குள் வலிந்து கணிக்க முயலின் வழுவே எஞ்சும்.

ஆறுமுக நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்ட நாட்டில் இது புதுமையன்று. யானை என்னும் நிலைமொழிமுன் ககரம் வரின் வல்லெழுத்து மிகுமோ? 'யானைக்கால்' என்புழி மிகும். 'யானை கரிது' என்புழி மிகாது. நிலைமொழி ஒன்றே, வருமொழி முதலெழுத்தும் ஒன்றே. முன்னது வேற்றுமை, பின்னது அல்வழி. எழுத்தை மாத்திரம் நோக்குவார்க்கு விடை கிட்டாது. தொடரின் பொருளும் அறிதல் வேண்டும். மக்ரோ எழுத்தை மாத்திரம் நோக்கும் மாணாக்கன் போன்றது.

இதனை விளக்கி, மாணவர்க்கு மூன்று வழிகளைக் காட்டினோம். ஒன்று, வகையை மக்ரோ தானே துணியாது, செய்நிரல் இயங்கும்போது சோதிக்கும் கோவையை ஆக்கித் தருதல். ஈண்டு ஓர் எச்சரிக்கை உண்டு. கோவை "அடுத்த பதிவை வாசி" என்பதாயின், சோதிக்க ஒருமுறையும் கூட்ட ஒருமுறையுமாக இரு பதிவுகள் வாசிக்கப்படும். கமக்காரர் ஒருவரின் விலை கணக்கில் ஏறாது மறையும். ஆதலின் பெறுமானத்தை ஒருமுறை பெற்றுப் புதிய மாறியொன்றில் வைத்தே சோதித்தல் வேண்டும். இரண்டு, வகையை எழுதுவோரே அறிவித்தல். மூன்று, அறிவித்த வகையை மொழியிடமே கேட்டறிதல். கை ஸ்டீல் 1990 இல் வெளியிட்ட கொமன் லிஸ்ப் நூலின் இரண்டாம் பதிப்பில் இதற்கு வசதி கூறப்பட்டது. 1994 ஆம் ஆண்டின் நியமத்தில் அஃது இடம்பெறவில்லை. ராக்கெற் மொழியின் வகைகுறித்த கிளையிலோ, மக்ரோக்கள் யாவும் விரிந்த பின்னரே வகைச் சோதனை நிகழும்.

மாணவர் சிந்தித்து, நான்காவதொன்றைத் தாமே கண்டார். பெறுமானத்தை அறிந்து செய்யவேண்டிய தொழிலுக்குச் சார்பே போதும். மக்ரோ வேண்டுவதில்லை என்றார். அவர் எழுதிய சார்பு நான்கே வரிகளில் முடிந்தது. கணக்கும் பிழையின்றி வந்தது.

வடிவத்தால் அறியத்தக்கது எது, பெறுமானம் பிறந்த பின்னரே அறியத்தக்கது எது எனப் பகுத்துணர்தலே இத்துறையின் முதற்பாடம். அப்பாடத்துக்கான பயிற்சியை எமது தமிழாசிரியர்கள் புணரியல் வகுப்பிலேயே தந்துவிட்டனர். கணினி பயிலப் புகும் இளைஞர் நன்னூலைக் கைவிடாதிருப்பாராக.