புல் எழும்வரை

டெக்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியில் மாடு வளர்க்கிறோம் என்று ஊருக்கு எழுதும்போதெல்லாம், "பால் எவ்வளவு கறக்கிறது?" என்ற கேள்விதான் பதிலாக வருகிறது. ஒரு சொட்டும் கறப்பதில்லை. பசுவின் மடியில் ஊறும் பால் முழுவதும் கன்றுக்கே உரியது. ஏழெட்டு மாதம் தாயோடு மேய்ந்து, 230 கிலோ அளவுக்கு எடை ஏறியதும் கன்று ஏலக்கூடத்திற்குப் போகிறது. இறைச்சிக்காக வளர்க்கும் மாடு இது. அதை மூடிமறைத்துச் சொல்வதில் பயனில்லை. கன்றுகளை வண்டியில் ஏற்றிய பின், தாய்ப்பசுக்கள் வேலியோரம் நின்று கதறுவதை இரண்டு மூன்று இரவுகள் கேட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும். 11 ஆண்டுகள் ஆகியும் அது எங்களுக்குப் பழகவில்லை.

எங்கள் மாடுகள் சாந்தா கெர்ட்ரூடிஸ் இனத்தவை. புனித கெர்த்ரூது அம்மாளின் பெயர் மாட்டுக்கு எப்படி வந்தது என்று வாசகர்கள் வியக்கலாம். ஸ்பானிய மொழி பேசியோர் இப்பகுதியின் ஓர் ஓடைக்கு அப்புனிதையின் பெயரை இட்டிருந்தனர். ரிச்சர்ட் கிங் என்ற நீராவிப் படகுத் தலைவர் 1853-இல் அந்த ஓடையை ஒட்டி நிலம் வாங்கிப் பெரும் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். அவருடைய வழிவந்தோர், பிரித்தானிய ஷார்ட்ஹார்ன் இனத்தையும் திமிலுள்ள பிராமன் இனத்தையும் கலந்து, 1920-இல் பிறந்த 'மங்கி' என்ற செந்நிறக் காளையைக் கொண்டு இவ்வினத்தை நிலைநிறுத்தினர். 1940-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை இதைத் தனி இனமாக ஏற்றது. எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன், மூன்று பங்கு பிராமன். அந்த மூன்று பங்கு நம் நாட்டுச் சொத்து! பிராமனின் முன்னோர் நெல்லூர்ச் சீமையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பலேறி வந்த மாடுகள். வெயிலைத் தாங்கும் தளர்ந்த தோலும், உண்ணிக்கு எளிதில் இடங்கொடாத குட்டை மயிரும் அவை தந்தவையே.

புல்லும் உறவுதான். இங்கே 'பஃபல்' புல் என்று சொல்லி 1940-களிலிருந்து பரப்பப்பட்டது, காங்கேயத்துக் கொறங்காடுகளில் முளைக்கும் நம் கொழுக்கட்டைப் புல்லே. காடெங்கும் நிற்கும் மெஸ்கீட் மரம் சீமைக்கருவேலின் உடன்பிறப்பு. முதன்முறை இந்நிலத்தைப் பார்த்தபோது இராமநாதபுரம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

நாங்கள் குத்தகைக்கு எடுத்திருப்பது 400 ஏக்கர். கேட்பவர்கள் மலைத்துப் போகிறார்கள். ஆனால் இவ்விடத்தில் ஒரு பசுவுக்கு 20 ஏக்கர் வேண்டும். ஆக, 20 பசுக்களுக்கு மேல் வைக்க இயலாது. மழை பொய்த்தால் அதுவும் மிகுதி.

2022-இல் தொடங்கிய வறட்சி 2023 கோடையில் உச்சத்துக்கு வந்தது. குளம் வற்றி வெடித்தது. உலர்புல் உருளையின் விலை மாதந்தோறும் ஏறியது. எரிவாயு உருளையைச் சுமந்துகொண்டு, சப்பாத்திக்கள்ளியின் முட்களைத் தீயால் பொசுக்கி மாடுகளுக்குத் தின்னக் கொடுத்தோம். இப்பகுதியில் பல தலைமுறையாக உள்ள வழக்கம் அது. கள்ளியில் நீர்தான் மிகுதி, சத்துக் குறைவு. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் வைத்தால்தான் உடம்பு நிற்கும். உடம்பு வற்றிய பசு சினைக்கு வராது. சினையில்லாத பசுவுக்கு ஓராண்டு தீனி போடும் வசதி எங்களுக்கு இல்லை.

அடுத்த பண்ணைப் பெரியவர் மெக்சிகோ வழிக் குடும்பத்தவர். "முதலில் சினையில்லாததை விற்றுவிடுங்கள். அடுத்துக் கிழட்டுப் பசு. இளம் சினைப்பசுவைக் கடைசிவரை விடாதீர்கள்" என்றார். 2011-இல் டெக்சாஸ் முழுவதும் காய்ந்தபோது, அவர் தம் மந்தை முழுவதையும் விற்றவர். அவ்வாண்டு வேளாண்மையில் மட்டும் 760 கோடி டாலருக்கு மேல் இழப்பு. எல்லாரும் ஒரே நேரத்தில் விற்றதால் கிடைத்தது அடிமாட்டு விலை. மழை வந்தபின் எல்லாரும் வாங்க முனைந்ததால் எட்டாத விலை. அவர் திரும்ப வாங்கவேயில்லை.

அவர் சொன்னபடி சூலையில் ஆறு பசுக்களைப் பிரித்தோம். அவற்றுள் ஒன்று ரோசி. வயது 12, பல் தேய்ந்தது. மந்தையைத் தண்ணீருக்கு அழைத்துச் செல்பவள் அவளே.

"ரோசியையுமா ஏத்துறீங்க, அப்பா?"

"பல்லு இல்லம்மா அதுக்கு. பனிக்காலம் தாங்காது."

"தாங்கும்னா?"

விடை சொல்ல ஒருவராலும் இயலவில்லை. வண்டி போயிற்று. மகள் நான்கு நாள் சரியாகப் பேசவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

இதனிடையே பங்கில் ஒரு சங்கடம். ஞாயிறு திருப்பலியில் மழைக்காக மன்றாட்டு வாசிப்பார்கள். மாடு வைத்திருப்போர் உரக்கப் பதில் சொல்வோம். பருத்திக்காரர்களோ வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஆகஸ்டு அவர்களுக்கு அறுவடைக்காலம். வெடித்த பஞ்சு நனைந்தால் போயிற்று. ஒரே பெஞ்சில் அமர்ந்து இரு வேறு வானத்தை வேண்டினோம். பங்குத்தந்தை புன்னகையோடு நிறுத்திக்கொண்டார்.

2023 ஆகஸ்டு 22-ஆம் நாள் ஹெரால்டு என்ற வெப்பமண்டலப் புயல் பாட்ரே தீவில் கரையேறியது. எங்கள் மழைமானியில் மூன்றரை அங்குலம். ரோசி போய் ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஆனால் சூலையில் கையிலிருந்த புல்லையும் பணத்தையும் வைத்துச் செய்த முடிவு அது. இன்று கேட்டாலும் அதையே செய்வோம்.

மழை பெய்ததும் துன்பம் தீர்ந்தது என்று எண்ணுவோர் மேய்ச்சலை அறியாதவர். பத்து நாளில் நிலம் பச்சைப் பட்டாக மாறியது. அந்தப் பச்சையைத்தான் நம்பக்கூடாது. வேரில் எஞ்சியிருந்த சத்தைச் செலவழித்தே புல் தளிர்க்கிறது. இலை விரிந்து வேருக்குத் திரும்ப ஊட்டுமுன் மாடு கடித்தால், தூர் செத்துப்போகும். வாய்க்காலோரம் இன்னோர் இடர்: ஜான்சன் புல். அது சோளத்தின் உறவு. வறட்சிக்குப் பின் வரும் இளந்தளிரில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். வாடிய இளஞ்சோளத்தைத் தின்ற மாடு சாவதை நம் கரிசல்காட்டு உழவர் நன்கறிவர்.

ஆகவே 14 பசுக்களையும் 40 ஏக்கர் மூலையில் அடைத்து, கடன் வாங்கிய பணத்தில் உலர்புல் போட்டோம். கண்ணெதிரே முழங்காலளவு புல். மாடுகளோ வேலியில் கழுத்தை வைத்து எங்களைப் பார்த்துக் கத்தின. வறட்சியில் வாராத கோபம் அப்போதுதான் எங்களுக்கு ஒருவர்மீது ஒருவர் வந்தது. ஆறாவது வாரம் கதவைத் திறந்தோம். அவை ஓடவில்லை, வாசலிலேயே நின்று, நாவால் சுழற்றி மேயத் தொடங்கின. பாதி தின்றதும் அடுத்த பகுதிக்கு மாற்றினோம், மறுபாதி நிலத்துக்கு.

பனிக்காலம் பிறக்குமுன் கால்நடை மருத்துவர் சோதித்தபோது 14-இல் 11 சினை.

விற்ற ஆறுக்கு ஈடாக வாங்கலாமென்று ஏலக்கூடம் சென்று, விலையைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பினோம். அமெரிக்கா முழுவதும் மாடு குறைந்துவிட்டது; 2025 சனவரி முதல் நாள் கணக்கில் 8 கோடியே 67 லட்சம், 1951-க்குப் பின் அதுவரை இல்லாத குறைவு. ஆகவே சொந்தக் கிடேரிகளையே வைத்துக்கொள்கிறோம். கிடேரிக் கன்றை விற்காமல் வைத்தால் அவ்வாண்டு வருமானம் போயிற்று. அது ஈன்று, அதன் கன்று விலையாக ஏறத்தாழ மூன்றாண்டு ஆகும். குத்தகையையும் வட்டியையும் அதுவரை மருத்துவமனைச் சம்பளம்தான் தாங்க வேண்டும்.

நிறுத்திய நான்கில் ஒன்று ரோசியின் மகள் வயிற்றுக் கிடேரி. அதைத் தேர்ந்தது எங்கள் மகள். இடுப்பெலும்பு அகலம், காலமைப்பு எல்லாம் பார்த்தே தேர்ந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நடப்பது இப்போது வேறொரு பசு.