காலண்டரில் வைத்த புள்ளிகள்

அந்த மாமியார் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரையே கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் மேலே பால் கணக்கு. அதற்குக் கீழே பேனாவால் சின்னச் சின்னப் புள்ளிகள். “டாக்டரம்மா, ஒரு புள்ளின்னா லேசா கறை. ரெண்டுன்னா துணி மாத்துற அளவுக்கு. இந்தக் கட்டம் முழுக்கக் கருப்பா அடிச்சிருக்கேன் பாருங்க, அன்னிக்குக் கட்டி விழுந்துச்சு.” மருமகளுக்கு அப்போது 17-ஆவது வாரம். மூன்று தாள்களைப் புரட்டி எண்ணினேன். 9-ஆவது வாரத்தில் ஆரம்பித்து, விட்டுவிட்டு 22 நாள் பட்டிருந்தது.

இருபது வருடத்துக்கு மேலாகப் பிரசவம் பார்க்கிறேன். இவ்வளவு நல்ல குறிப்பு எந்த மருத்துவமனைக் கோப்பிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

மாசமாக இருக்கும்போது ரத்தம் படுவது அபூர்வமில்லை. முதல் 3 மாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பெண்ணுக்குப் படுகிறது. ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்துவிட்டால், அவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பம் தங்கிவிடும். அதனால்தான் “துடிப்பு இருக்கும்மா, பயப்படாதே” என்பது எங்கள் வாயில் தானாக வருகிறது. அது பொய்யில்லை. ஆனால் ஒரு நாள் கறை பட்டு நின்றவளிடமும், வாரக்கணக்கில் பட்டுக்கொண்டிருப்பவளிடமும் அதை மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. இதை நான் தாமதமாகத்தான் கற்றேன்.

வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் ஒரு பெண். தலைச்சன். 8-ஆவது வாரத்திலிருந்து 15-ஆவது வாரம் வரை பட்டது, பிறகு நின்றது. “நின்னுடுச்சில்ல, இனிமே எல்லாரையும் போலதான்” என்று சொல்லி, மாதம் ஒரு முறை வரச் சொன்னேன். 29-ஆவது வாரத்தில் நள்ளிரவில் பனிக்குடம் உடைந்தது. வலி இல்லையே, விடியட்டும் என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். அவர்களுக்கு நான் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. எங்களிடம் வந்து சேர்ந்தபோது வலியும் காய்ச்சலும் கண்டிருந்தது. குழந்தையின் நுரையீரலுக்கான முதல் ஊசி போட்டு 2 மணி நேரத்தில் பிறந்துவிட்டது. 1,100 கிராம். ஆறு நாள் இருந்தது.

அன்றிரவு அவளுடைய பரிசோதனை அட்டையை எடுத்துப் பார்த்தேன். ரத்தம் பட்ட அந்த ஏழு வாரமும் உள்பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு மாதமும் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து, பிரஷர், எடை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ஏன் அப்படி ஆகிறது என்பதைப் பிறகு தேடிப் படித்தேன். பனிக்குடத்தின் வெளிச்சவ்வுக்கும் கருப்பையின் உட்சவ்வுக்கும் நடுவே ரத்தம் கசிகிறது. கொஞ்சம் வெளியே வந்து துணியில் படும். மீதி உள்ளேயே கட்டியாகத் தேங்கும். ரத்தம் உறைகிற இடத்தில் த்ராம்பின் என்ற பொருள் உண்டாகிறது. கையில் வெட்டுக்காயம் பட்டால் அதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. கருப்பைக்குள்ளோ அது சவ்வை அரிக்கிற நொதிகளைத் தூண்டுகிறது, தசையைச் சுருங்க வைக்கிறது. சுவரில் ஓதம் ஏறுகிற மாதிரிதான். வெளியே காய்ந்துவிட்டாற்போல் இருக்கும், உள்ளே காரை பொரிந்துகொண்டிருக்கும். அதனால் எத்தனை நாள் பட்டது, எவ்வளவு பட்டது, முதல் 3 மாதத்தோடு நின்றதா, அதைத் தாண்டியும் தொடர்ந்ததா என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். தொடர்ந்து பட்டவர்களுக்குப் பனிக்குடம் முன்னதாக உடைவது, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது எல்லாமே மற்றவர்களைவிட அதிகம். அவர்களிலும் பலர் நிறைமாதத்தில் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டு போகிறார்கள். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

“படுத்தே இருந்தா நின்னுடுமா?” என்று கேட்காத குடும்பம் இல்லை. படுக்க வைப்பதால் கர்ப்பம் தங்குகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். புரோஜெஸ்டிரோன் மருந்தும் எல்லோருக்கும் பயன்படுவதில்லை. பிரிட்டனில் 4,153 பெண்களிடம் நடத்தி 2019-ல் வெளியான பிரிசம் ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 75 சதவீதமும் எடுக்காதவர்களில் 72 சதவீதமும் உயிருள்ள குழந்தை பெற்றார்கள். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் முன்பு 3 முறையோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 72-க்கு 57. ஆகவே “இதுக்கு முன்னாடி எத்தனை தங்காமப் போச்சு?” என்ற கேள்விதான் மருந்துச் சீட்டை முடிவு செய்கிறது. அதைக் கணவர் வீட்டார் முன்னால் கேட்டால் சரியான பதில் வராது. எல்லோரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்பேன்.

அந்தத் தனிமையில்தான் இன்னொன்றும் வெளியே வரும். குரலைத் தாழ்த்தி, “மாடிப்படி ஏறி இறங்கினேன் டாக்டர், அதனாலயா?” வண்டியில் போனது, ஒரு துண்டு பப்பாளி தின்றது, உடம்பு சூடு என்று ஒவ்வொருத்தியும் தன்மேல் ஒரு குற்றம் வைத்திருக்கிறாள். நீ செய்த எதனாலும் இது வரவில்லை என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொல்வேன். ஒரு முறை சொன்னால் போதாது. வருகிறபோதெல்லாம் சொல்ல வேண்டும்.

ஆர்.ஹெச். நெகட்டிவ் ரத்தமா, ஆன்டி-டி ஊசி தேவையா, ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதை ரத்தம் படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பார்த்துவிட வேண்டும். பிந்தின மாதங்களில் பட்டால் துணியைக் கொண்டுவரச் சொல்வேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பேன். வலியே இல்லாமல் பளிச்சென்ற சிவப்பு என்றால் நஞ்சு கீழே இறங்கியிருக்கலாம். ஸ்கேன் பார்க்கும்வரை விரல் வைத்துப் பரிசோதிக்கவே கூடாது. கருஞ்சிவப்பாகப் பட்டு, வயிறு பலகை மாதிரி இறுகி வலித்தால் நஞ்சு பிரிகிறது என்று பயப்பட வேண்டும். அப்போது துணியில் இருப்பதை வைத்து அளவை எடை போடக்கூடாது. உள்ளே தேங்கி நிற்பது அதைவிடப் பல மடங்கு இருக்கலாம்.

காலண்டர் மாமியாரின் மருமகளுக்கு 18-ஆவது வாரத்தோடு ரத்தம் நின்றது. நின்ற பிறகும் அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: ‘9 முதல் 18 வாரம் வரை ரத்தப்போக்கு. நீர் கசிந்தால் உடனே சேர்க்கவும்.’ வளர்ச்சியும் பனிக்குட நீரும் பார்க்க ஸ்கேனுக்கு அடிக்கடி வரவழைத்தேன். குறைமாதக் குழந்தைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி எது, ராத்திரியில் 108-க்கு யார் போன் செய்வது என்பதையெல்லாம் மாமியாரிடமே ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டேன்.

32-ஆவது வாரம் முடியப்போகிற ஒரு மதியத்தில் பனிக்குடம் உடைந்தது. ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. குழந்தையின் நுரையீரலுக்காக டெக்ஸாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. இந்த வகை மருந்தை ஆட்டுக்குட்டிகளிடம் சோதித்துக்கொண்டிருந்த நியூசிலாந்து மருத்துவர் லிக்கின்ஸ், மூச்சுவிட வாய்ப்பே இல்லாத குறைமாதக் குட்டி ஒன்று மூச்சுவிடுவதைக் கண்டதிலிருந்து வந்த சிகிச்சை இது. 1972-ல் சக மருத்துவர் ஹோவியோடு சேர்ந்து அதைப் பெண்களிடமும் நிரூபித்தார். நாலு ஊசியையும் முழுதாகப் போட்டு முடிக்க நேரம் கிடைக்கிற நாட்களில் அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன்.

ஐந்தாம் நாள் வலி கண்டு பெண் குழந்தை பிறந்தது. 1,750 கிராம். பிறந்தவுடன் அழுதது.

குழந்தைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் மாமியார் மடியில் புது மாதத் தாளை விரித்து வைத்திருந்தார். பால் கணக்கு எழுதுகிற இடத்தில் நர்ஸிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தார்: 1,750, 1,710, 1,690, 1,690, 1,705. அடுத்த கட்டம் காலியாக இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு, குழந்தையை எடை போடக் காத்திருந்தார்.