தாலந்தைப் புதைப்பது தாழ்ச்சியா?

இளம்பெண்ணிடம் "தாழ்ச்சியா இரும்மா" என்று சொன்னால், பாதி நேரம் "பேசாம இரு" என்றுதான் அர்த்தம். ஆனா மத்தேயு நற்செய்தியின் உவமையில், எஜமான் கொடுத்த தாலந்தைப் புதைச்சவன் சொன்ன காரணம் தாழ்ச்சி இல்லை, பயம். தாலந்தைப் புதைக்காதவருக்கு உதாரணமா சியன்னா நகர் கத்தரீனைப் பாருங்க. 1347-ல் சாயத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். மடத்துக்குள் போகாமலே, தொமினிக்கன் மூன்றாம் சபையில் சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கிட்டார். முப்பது வயசுகூட ஆகல, அவிஞ்ஞோனில் இருந்த திருத்தந்தை பதினோராம் கிரகோரியிடமே போய், ரோமுக்குத் திரும்புங்கன்னு வற்புறுத்தினார். 1377-ல் அவரும் திரும்பினார். (அரசியல் காரணங்களும் உண்டு, மொத்தப் பெருமையையும் இவர் கணக்கில் எழுத வேண்டாம்.)

"அவங்க புனிதை, நாம யாரு?" என்பீங்க. புனிதர் பட்டம் 1461-ல்தான் வந்தது, இறந்து 81 வருஷம் கழிச்சு. மறைவல்லுநர் பட்டத்துக்கு 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்துச்சு. கடிதம் கடிதமா சொல்லி எழுதவைச்ச நாளில் அவர் வெறும் சாயக்காரர் மகள். பட்டம் பார்த்துப் பேசியிருந்தா ஒரு வரிகூட வந்திருக்காது.

திருத்தந்தைக்கே புத்தி சொன்னவரைப் பத்தி எழுதிட்டு, "பங்குச்சாமி பார்த்துடுவாரோ"ன்னு யோசிக்கிற என்னை என்ன சொல்ல!

சரி, உங்க பங்குப் பேரவையில இளம்பெண்கள் எத்தனை பேர்?