ஷேக்ஸ்பியர்வாலாவின் மேடை

சிம்லாவின் மால் ரோட்டில் உலாவரும் கூட்டத்தில் பலர் அந்தக் கல் கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. உள்ளே இருப்பது 1887ல் திறக்கப்பட்ட கெய்ட்டி தியேட்டர். வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் இவருக்குப் பங்கு உண்டு. குதிரை லாட வடிவில் வளையும் மாடம், கைக்கெட்டும் தூரத்தில் மேடை. வைஸ்ராய்களின் கோடைத் தலைநகருக்குப் பொழுதுபோக்கே இங்குதான். கிப்ளிங்கும் இங்கே நடித்திருக்கிறார்.

ஆனால் சினிமா ரசிகர்களுக்கு இந்த மேடை நினைவூட்டுவது இன்னொரு ஆங்கிலேயரை: ஜெஃப்ரி கெண்டல். 1909ல் வடக்கு இங்கிலாந்தின் கெண்டல் என்ற ஊரில் பிறந்து, ஊர்ப் பெயரையே மேடைப் பெயராக்கிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்கு நாடகம் போட இந்தியா வந்தார். வெள்ளையர் மூட்டை கட்டிய 1947ல், இவர் திரும்பி வந்தார். மனைவி லாராவுடன் நடத்திய ‘ஷேக்ஸ்பியரானா’ குழு பெட்டிகளோடு ரயிலேறி, பள்ளிக்கூடங்களிலும் அரண்மனைகளிலும் ஒரே ஷேக்ஸ்பியரை நடித்துக் காட்டியது. உத்பல் தத், சசி கபூர் எல்லாம் அதில் நடித்தவர்கள்.

இந்த வாழ்க்கையை ஒட்டி ஜேம்ஸ் ஐவரி இயக்கிய ‘ஷேக்ஸ்பியர் வாலா’ 1965ல் வெளிவந்தது. இசை சத்யஜித் ராய். படத்தின் சில காட்சிகள் கெய்ட்டியில் எடுக்கப்பட்டன. கெண்டல், லாரா, இளைய மகள் ஃபெலிசிட்டி மூவரும் நாடகக் குடும்பமாகவே வருகிறார்கள். மேடையில் ‘ஒதெல்லோ’ நடக்கும்போது இந்தி நட்சத்திரம் ஒருத்தி உள்ளே நுழைகிறாள். மொத்த அரங்கமும் அவள் பக்கம் திரும்பிவிடுகிறது. சினிமாவிடம் நாடகம் தோற்கும் கதை.

தோற்றவராக நடிக்க வேண்டியிருந்தது கெண்டலுக்கு அவ்வளவாக உவப்பில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது. சினிமா நட்சத்திரமாகிவிட்ட மருமகன் சசி கபூரும், மூத்த மகள் ஜெனிஃபரும் 1978ல் மும்பை ஜுஹுவில் பிருத்வி தியேட்டரைத் திறந்தார்கள். சினிமாவில் சம்பாதித்த பணம் நாடகத்துக்கு வீடு கட்டித் தந்தது. 1998ல் கெண்டல் மறைந்தார். பிருத்வியில் நாடகம் நிற்கவில்லை.

கெய்ட்டியும் பிழைத்துக்கொண்டது. பழுதடைந்திருந்த அரங்கம் புதுப்பிக்கப்பட்டு 2009ல் மீண்டும் திறந்தது. கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கி.மீ. மலை ரயிலில் போகிறவர்கள், நாடகம் இருக்கும் மாலையாகப் பார்த்துப் போவது நல்லது. காலி மேடையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதை கெண்டலே ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்.