விளையாட்டு, திருவிழா, குற்றம்

வேட்டைக்கு மூன்று பெயர் உண்டென்று சிறுவயதிலேயே கற்றவன் நான். துரைமார் ஆடினால் அது விளையாட்டு. ஆண்டவன் பெயரால் ஆடினால் அது திருவிழா. அடுப்பெரியாத ஏழை ஆடினால் அது குற்றம்! மூன்றும் ஒரே செயல்தானே, பெயர் மட்டும் ஏன் மாறுகிறது என்று கேட்கும் அறிவு அன்று எனக்கு இல்லை. அது வருமுன் ஒரு மனிதரின் முதுகிலே தழும்பு விழுந்துவிட்டது.

மாமல்லபுரத்துக்கு மேற்கே, செங்கற்பட்டுச் சாலையை ஒட்டியது எங்கள் சிற்றூர். என் பாட்டனார் இளமையில் உதகையிலே ஒரு துரையிடம் கணக்கெழுதியவர். திண்ணையிலே மான் கொம்பு, கூடத்திலே துப்பாக்கி. மாலை வேளைகளில் அவர் பெருமை பொங்கச் சொல்லும் கதை, துரைமாரின் நரி வேட்டை. சிவப்புச் சட்டை, ஊதுகொம்பு, கடல் கடந்து வந்த நாய்கள், பாய்ந்தோடும் குதிரைகள்! தங்கள் நாட்டுச் செந்நரி நீலமலையில் இல்லாததால், துரைமார் குள்ளநரியைத் துரத்தினர். தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளியே அவர்களுக்கு ஆடுகளம். 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரையே அந்தப் புல்வெளிக்குச் சூட்டினர். மேய்த்தவன் பெயர் மறைந்தது. துரத்தியவன் பெயர் நிலைத்தது!

பின்னாளில் ஏடுகளைப் புரட்டியபோதுதான் அந்த விளையாட்டின் வரலாறு விளங்கிற்று. இங்கிலாந்திலே பிரபுக்களின் பழைய வேட்டை மான் வேட்டை. நரியோ கோழி திருடும் பீடை. குடியானவன் தடி எடுத்து அடிக்கும் பிராணி. காடு அழிந்து மான் குறைந்தது. பிரபுக்களின் கண் நரி மீது விழுந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலே லெஸ்டர்ஷயரில் ஹியூகோ மெய்னல் என்ற நிலக்கிழார் வேகமாக ஓடும் நாய்களை வளர்த்து, அந்த வேட்டைக்குப் புது மெருகு கொடுத்தார். பிறகு நடந்த வேடிக்கையைக் கேளுங்கள்! பீடையான நரிக்குப் புதர் வளர்த்துப் பாதுகாப்புத் தந்தார்கள். நரியைச் சுட்டுக் கொல்வது மரியாதைக் கேடு என்றார்கள். பீடையை ஒழிக்கவே வேட்டை என்று வாய் சொன்னது; வேட்டைக்காகவே பீடையைக் கை வளர்த்தது!

அதே நாட்டிலே ஏழைக்கு என்ன நீதி? 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுன் வருவாய் தரும் சொந்த நிலம் இல்லாத சாதாரணக் குடியானவன், தன் வயலில் மேயும் முயலையும் கொல்லக் கூடாது. 1723ஆம் ஆண்டுக் கருஞ்சட்டமோ, முகத்தில் கரி பூசி ஆயுதத்தோடு மான் வேட்டைக்குப் புகுந்தால் தூக்குக் கயிறு என்றது. துரத்துகிறவனுக்குக் குதிரை; பசித்தவனுக்குக் கயிறு!

"அது அயல்நாட்டான் கொடுமை" என்று நாம் பெருமூச்சு விட்டு ஒதுங்க முடியுமா? மாமல்லபுரத்திலே தலசயனப் பெருமாளுக்குப் பொங்கலை ஒட்டிப் பாரிவேட்டை நடக்கும். அருகிலுள்ள குழிப்பாந்தண்டலத்துக்குச் சாமி எழுந்தருளும். தீவட்டி, மேளம், கூட்டம். கல்லுக்கு ஏதடா வேட்டை என்று கேட்டவர் இல்லை.

அதே ஊரிலே, அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் அறிஞர் வாதிடும் பெரும் பாறைச் சிற்பம் இருக்கிறது. அருச்சுனன் கதையை அறிவீர்கள். சிவன் வேடனாக வேடமிட்டு வந்தானாம். விழுந்த பன்றி எவன் அம்புக்கு இரை என்று இருவரும் மல்லுக்கு நின்றார்களாம். முடிவிலே அருச்சுனனுக்குப் பாசுபதம் பரிசாகக் கிடைத்ததாம். வேடன் வேடம் போட்டவனுக்குக் கோயில்! வேடனாகவே பிறந்தவனுக்கு?

அதற்கு விடையை 1974ஆம் ஆண்டுப் பொங்கலில் கண்டேன். எனக்கு வயது பத்து. பாரிவேட்டைக்குப் போய்த் திரும்பும் வழியிலே, வரப்போரம் ஓர் இருளர் வந்தார். அறுவடை முடிந்த வயலில் எலி வளை தோண்டி, எலி சேர்த்த நெல்லை எடுத்துப் பிழைப்பவர். என் பாட்டன் வயதினர்; ஆயினும் எங்கள் வீட்டுச் சிறுவனும் அவரை "டேய்" என்றே அழைப்பான். அன்று அவர் தோளிலே ஒரு முயல் தொங்கிற்று. நான் ஓடிப் போய்ப் பாட்டனாரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன்? பாராட்டுக் கிடைக்கும் என்றுதான்! "என் நிலத்து முயல் எனக்கே சொந்தம்" என்றார் பாட்டனார். 1671 இலண்டனிலிருந்து எங்கள் புளியமரத்தடிக்கு வந்துவிட்டது. அவரைக் கட்டி வைத்து அடித்தார்கள். அடித்த கை என்னுடையதல்ல. காட்டிக்கொடுத்த நாக்கு என்னுடையது.

காட்டையும் விலங்கையும் காக்கச் சட்டம் வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றது. தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளரின் கஞ்சியும் அதோடு நின்றது. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எழுந்த பிறகே வழி பிறந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சு மருந்தாகி உயிர் காக்கிறது. 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா, மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. புளியமரத்திலே கட்டப்பட்டது என்ன அறிவு என்பதை அன்றுதான் நாடு அறிந்தது!

"மரபு ஐயா, கை வைக்காதீர்" என்பார் உண்டு. சேலம் வாழப்பாடிப் பக்கம், நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று பொங்கலில் வங்காநரியைப் பிடித்து வந்து ஓட விட்டார்கள். விழித்தவனுக்கு யோகம் என்றால், பிடிபட்ட நரிக்கு என்ன? இங்கிலாந்துப் பிரபுக்களும் மரபு என்றே வாதாடினர். அந்நாட்டு நாடாளுமன்றம் 2004இல் நாய்களைக் கொண்டு நரியை வேட்டையாடுவதைத் தடை செய்தது. மரபு மனிதன் போட்ட முடிச்சு, மனிதன் அவிழ்க்கலாம்.

மாசி மகத்தன்று இருளர்கள் மாமல்லபுரக் கடற்கரையிலே திரளுவர். சில ஆண்டுகளுக்கு முன் சென்றேன். சாமி கும்பிட அல்ல, மன்னிப்புக் கேட்க. அவர் மறைந்துவிட்டார். மகனைக் கண்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சினக்கவில்லை. சற்று நேரம் அலையைப் பார்த்திருந்து, "அந்த முயலை அப்புறம் யாருங்க ஐயா தின்னது?" என்று கேட்டார்.

மறுநாள் எங்கள் வீட்டிலேதான் குழம்பு கொதித்தது. நானும் உண்டேன். அதையும் சொன்னேன். தலை நிமிர்ந்து சொல்ல முடியவில்லை.

தோழர்களே! விளையாட்டு என்றும் திருவிழா என்றும் குற்றம் என்றும் பெயர் சூட்டப்படும் இடமெல்லாம், அந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். பழி யாருக்கு என்று மட்டுமல்ல, இரை யார் இலையில் விழுந்தது என்றும் கேளுங்கள்!