சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. சித்திரத்தை வியப்போர் பலர். சுவரின் செம்மையை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டு சார்ட்டர்ட் செமிகண்டக்டர் நிறுவனம் தோன்றியது. அதன் பின்னர், சிலிக்கன் தகட்டில் நுண்சுற்றுகள் எழுதும் ஆலைகள் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வளர்ந்தன. அத்தகைய ஆலையொன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர், சுழற்பூச்சு முறையை எனக்கு விளக்கினார். தகட்டின் நடுவே ஒளியுணர் பிசினைச் சிறிது ஊற்றி, நிமிடத்திற்குச் சில ஆயிரம் சுற்றுகள் சுழற்றுவர். பிசின் விளிம்புவரை பரவும்; மிகுதி வெளியே சிதறும்; ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் தடிப்புள்ள படலம் எஞ்சும்.

“ஐயா, பூச்சு ஒரு நிமிட வேலை, தகட்டை ஆயத்தம் செய்வதே பெரும்பாடு” என்றார் அவர்.

தளத்தில் ஒரு தூசி இருப்பினும், வால்மீன் போன்றதொரு கீற்று படலத்தில் விழுந்துவிடும். ஆகவே, வெர்னர் கெர்ன் 1965இல் வகுத்த முறைப்படி, அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த சுடுநீரால் துகளையும் கரிமக் கறையையும் முதலில் நீக்குவர். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெராக்சைடும் கலந்த நீரால் உலோக மாசினைப் பின்னர் அகற்றுவர்.

தூய்மை மட்டும் போதுமோ எனின், போதாது. சிலிக்கன்மீது இயல்பாகப் படரும் ஆக்சைடு காற்றின் ஈரத்தைப் பற்றிக்கொள்ளும். ஒளியுணர் பிசினோ ஈரத்தளத்தில் ஒட்டாது. ஆதலின் தகட்டைச் சூடேற்றி ஈரம் போக்கி, ஹெக்சாமெத்தில்டைசிலசேன் ஆவியைப் படியச் செய்து, நீரை விலக்கும் இயல்பை ஊட்டுவர். நீரில் கரைந்த பூச்சாயின் நேர்மாறாக, கண்ணாடித் தளத்தைப் புறஊதா ஒளியாலும் ஓசோனாலும் நீரை விரும்பும் தளமாக்குவர். ஒரு துளி நீரை இட்டு, அது பரவுகிறதா, முத்தாய்த் திரள்கிறதா என நோக்கித் தளத்தின் தன்மையை அறிவர். எது நல்ல தளம் என்பதை, அதன்மேல் வரவிருக்கும் நீர்மமே முடிவு செய்கிறது.

தேக்காவில் தோசை வார்ப்பவரும் கல்லில் நீர் தெளித்துப் பார்த்துத் துடைத்த பின்னரே மாவை ஊற்றுகிறார்.

தமிழாசிரியராகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. ஆங்கிலமே வீட்டு மொழியான பிள்ளையின் மனத்தில் தமிழ்ப்பாடம் ஒட்டாதபோது, பயிற்சித் தாள்களை இருமடங்காக்குவதால் பயனில்லை. ஒட்டாத தளத்தில் எவ்வளவு ஊற்றினும் சுழற்சி அதனை வெளியே எறிந்துவிடும். அப்பிள்ளை எச்சொற்களைக் கேட்டு வளர்ந்தது, எவற்றைக் கேட்டதேயில்லை என்பதை முதல் வாரத்திலேயே உரையாடி அறிதல் வேண்டும். அதுவே நமது துளிநீர்ச் சோதனை. ‘இப்பிள்ளைக்குத் தமிழ் வாராது’ என்று தீர்ப்பு எழுதுமுன், அச்சோதனையைச் செய்தோமா என நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.