அண்ணன் அனுப்பிய கடிகாரம்

2003ஆம் ஆண்டு ரியாத்திலிருந்து அண்ணன் கடிகார வானொலியொன்றைக் கொடுத்தனுப்பினார். குறுந்தகடு இயக்கும் வசதியும் அதில் உண்டு. ஆய்வியல் நிறைஞர் வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய இரவு 10 மணிக்கு நேரத்தைச் சரிசெய்து, நாகூர் ஹனீபாவின் பாடல் தகட்டைப் பொருத்தி, 4 மணிக்கு எழுப்புமாறு அமைத்துவிட்டு உறங்கினேன். வைகறையில் என்னை எழுப்பியது பாட்டன்று, உம்மாவின் கை. சுவர்க் கடிகாரம் நான்கைக் காட்டியது. தலைமாட்டுக் கடிகாரமோ மூன்றைக் காட்டியது. ஓடித்தான் இரயிலைப் பிடித்தேன்.

விடுப்பில் வந்த அண்ணன் காரணம் கூறினார். அக்கடிகாரம் மின்னோட்டத்தின் சுழற்சிகளை எண்ணி நேரங்காட்டுவது. சவூதியில் வினாடிக்கு 60 சுழற்சி. நம் நாட்டில் 50. ஆதலால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். பின்புறத்துச் சிறு விசையை 50க்கு நகர்த்தினார். அன்றுமுதல் பிழையில்லை.

அன்றிரவு ஒரு மணி கடந்தும் அண்ணன் உறக்கமின்றி முற்றத்தில் உலவினார். ரியாத்தில் அப்போது பத்தரைதான். எங்கள் படிப்புக்காக அந்நாட்டுக் கணக்கில் ஓடியவர் அவர். அவருக்கு அப்படியொரு விசை ஏது?

மாணவச் செல்வங்களே! பின்தங்குவோரைப் பழுதென்று தள்ளுமுன், அவர் எந்தக் கணக்கில் ஓடுகிறார் என்று ஒருமுறை வினவுங்கள். இன்று வகுப்பறையில் நான் கடைப்பிடிக்க முயல்வதும் அதுவே.